அழுகை கேட்கிற தூரம்

டவுன் பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏறுகிற ஆம்பளைக்கு உட்கார இடம் கிடையாது. இப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. மதுரையில் ஒருநாள் ஏறிப் பாருங்கள், தெரிந்துவிடும். பிள்ளையோடு ஒரு பெண் ஏறினால் யாராவது எழுந்துகொள்வார்கள், இல்லாவிட்டால் கண்டக்டராவது எழுப்பிவிடுவார். ஆம்பளை ஏறினால் பிள்ளையை மட்டும் மடிக்கு வாங்கிக்கொள்வார்கள். அப்பன்காரன் நின்றுகொண்டு வரவேண்டியதுதான்.

என் மகளுக்கு அப்போது ஒரு வயது ஆகவில்லை. பேறுகால லீவு முடிந்து என் மனைவி கப்பலூர் கம்பெனியில் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பகல் முழுக்கப் பிள்ளை கோச்சடையில் மனைவியின் அக்கா வீட்டில் இருக்கும். சாயங்காலம் மனைவி போய்த் தூக்கிக்கொண்டு பஸ் மாறி ஒத்தக்கடைக்கு, எங்கள் வீட்டுக்கு, வருவாள். அன்றைக்கு அவளுக்கு வேலை முடியவில்லை. "நீங்க போய்க் கூட்டிட்டு வந்துருங்க" என்று போனில் சொன்னாள். நான் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை பார்க்கிறவன். நாள் பூராவும் லோடுமேன்களோடு மல்லுக்கு நிற்கிறவனுக்கு ஒரு கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதா பெரிய காரியம் என்றுதான் கிளம்பினேன்.

"பால் குடிச்சிருச்சு. தூக்கந்தான் பாக்கி. பஸ்ஸுல கொஞ்சம் சிணுங்கும், பயந்துறாதீங்க" என்று மதினி பிள்ளையைக் கொடுத்தார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒத்தக்கடை பஸ்ஸில் ஏறினேன். ஏறினதும் என் மகள் ஆரம்பித்தாள். அதற்குப் பெயர் சிணுங்கல் என்றால் மீனாட்சியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெயர் வீட்டு விசேஷம். ஊரையே கூட்டினாள்.

பஸ்ஸில் பிள்ளை அழுதால் அத்தனை பேரும் வைத்தியராகிவிடுகிறார்கள். உரம் விழுந்து கழுத்துப் பிடித்திருக்கும் என்றார் ஒருவர். வேக்காடு, சட்டையைக் கழற்றுங்கள் என்றார் இன்னொருவர். ஒரு பையன் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினான். அவள் அதையும் பார்த்துப் பயந்து இன்னொரு கட்டை ஏற்றினாள். எனக்கு ஏற்கெனவே கோபம் மூக்கு நுனியில். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் மேல்கம்பி, தோளில் பால்பாட்டில் பை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெண்கள் பக்கம் ஜன்னலோரத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு அக்கா, காலடியில் கட்டைப்பையோடு உட்கார்ந்திருந்தார். "பிள்ளையக் குடுங்கண்ணே. நின்னுக்கிட்டே எம்புட்டு நேரம் வச்சிருப்பீங்க" என்று கையை நீட்டினார்.

"இல்லக்கா, பழகாத ஆளுகிட்ட இருக்க மாட்டா" என்றேன்.

"உங்ககிட்ட மட்டும் இருக்காளாக்கும்" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். "குடுங்க சார். சடன் பிரேக் போட்டா பிள்ளையும் நீங்களும் சேந்து விழுவீங்க."

அது நியாயம். மனசில்லாமல்தான் கொடுத்தேன்.

சிம்மக்கல்லில் ஏறிய கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி சீட்டில் இடித்து நிறுத்தியது. முன்னால் தலைகளும் முதுகுகளும்தான். பச்சைச் சேலை கண்ணில் படவில்லை. ஆனால் அழுகை கேட்டது. கிணற்றுக்குள் வாளியை விட்டவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகிறாள், அதனால் இருக்கிறாள். அதற்குமேல் எனக்கு அப்போது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கடைசி சீட்டில் ஒரு பெரியவர் போனை முகத்துக்கு நேரே பிடித்து ஏதோ அரசியல் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் முழுசாக வைத்திருந்தார். அதில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கோரிப்பாளையம் நெரிசலில் பஸ் அசையாமல் நின்றபோது அவர் தலையைத் தூக்கினார். "யாருப்பா இது, பிள்ளைய இப்பிடி அழவிடுறது? வெளிய தூக்கிட்டு வரையில அமத்தத் தெரிய வேணாமா? ஒரு மனுசன் நிம்மதியா போனு கூடப் பாக்க முடியல."

"எம் பிள்ளைதாண்ணே" என்றேன். "அதுக்கு அமத்துறதுக்குப் பொத்தான் இல்ல. உங்க போனுக்கு இருக்குல்ல, அத அமத்துங்க."

"எம் போனு உன்னய என்ன செய்யுது தம்பி?"

"எம் பிள்ள உங்கள என்னண்ணே செய்யுது? இப்பிடி அழாமயா நீங்க இம்புட்டு வளந்தீங்க?"

அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, சத்தத்தை இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தார். நானும் முறைத்தேன். கே.கே.நகர் வரைக்கும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே வந்தோம். அங்கே முன்வாசல் வழியாக நிறையப் பேர் இறங்கினார்கள். விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது.

"அப்பாடா" என்றார் பெரியவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை நின்றுபோயிருந்தது.

குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டோரம் பச்சைச் சேலை அக்கா நடந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் கட்டைப்பை. இன்னொரு கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனார். இடுப்பில் பிள்ளை இல்லை.

"எம் பிள்ள" என்று கத்தினேன். "எம் பிள்ளையக் காணோம், வண்டிய நிப்பாட்டுங்க." அது என் குரல் மாதிரியே இல்லை. கண்டக்டர் விசிலை அடித்தார். பஸ் ஓரங்கட்டியது. என்ன, எங்கே, யார் பிள்ளை என்று ஆளுக்கு ஆள் கேட்க, பஸ்ஸே சந்தைக்கடையாகிவிட்டது. கூட்டம் குறைந்திருந்தாலும் முன்பக்கம் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. நான் முண்டினேன்.

பெரியவர் எழுந்து நின்றார். முதலில் தன் போனை அமர்த்திப் பையில் போட்டார். பிறகு, "ஏய், எல்லாம் வாய மூடுங்கப்பா" என்று அதட்டினார். "டிரைவர் தம்பி, இஞ்சின நிறுத்து. பிள்ள சத்தம் எங்குட்டுருந்து வருதுன்னு கேப்போம்."

இஞ்சின் நின்றது. டவுன் பஸ்ஸில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அத்தனை பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. தாயே மீனாட்சி, ஒரே ஒரு தடவை அழுதுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஊர் உலகத்தில் எந்த அப்பனாவது தன் பிள்ளை அழ வேண்டும் என்று சாமியிடம் கேட்டிருப்பானா தெரியாது. நான் கேட்டேன்.

"எதுக்குய்யா இம்புட்டுச் சத்தம் போட்டீங்க?" முன்வாசல் பக்கத்துச் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "இப்பத்தான் பிள்ள கண்ணசந்துச்சு."

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். டிபன் கூடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, வேலைவிட்டுத் திரும்புகிற ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் வாயைத் திறந்துகொண்டு என் மகள் தூங்கினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கையை நீட்டினேன்.

அந்த அம்மா கொடுக்கவில்லை. பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "நீங்கதான் அப்பான்னு எப்பிடி நம்புறது?" என்றார்.

"என்னம்மா கேக்குறீங்க? நாந்தான் அந்தப் பச்சச் சேலக்காரக்காகிட்ட குடுத்தேன்."

"அவுக யாருன்னே எனக்குத் தெரியாது. இங்கன ஒரு காலேஜ் பிள்ள உக்காந்திருந்துச்சு. அது எறங்கையில எங்கிட்ட குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி வேற யாரோ குடுத்தாகளாம். அப்பா பின்னாடி நிக்குறாருன்னு மட்டுந்தான் சொல்லிட்டுப் போச்சு. பின்னாடி எத்தன ஆம்பள நிக்குறாக."

அப்போதுதான் விளங்கியது. அந்த அக்கா கோரிப்பாளையம் தாண்டினதுமே இறங்குவதற்கு எழுந்து என்னைத் தேடியிருப்பார், கூட்டத்தில் தெரிந்திருக்காது, பக்கத்து மடிக்கு மாற்றியிருப்பார். அந்த மடிக்கும் கே.கே.நகர்தான் இறங்கும் இடமாக இருந்திருக்கும். யாரும் பிள்ளையைக் கீழே விடவில்லை. ஆனால் கடைசியாக வாங்கியவருக்கு அப்பன் முகம் தெரியாது. கோபப்பட வேண்டிய இடம்தான், ஆனால் அந்த அம்மா கேட்டது சரி என்று எனக்கே பட்டது. கண்டவன் வந்து கையை நீட்டினால் கொடுத்துவிடவா முடியும்?

"குடும்மா, அவந்தான் அப்பன்" என்று பின்னாலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்.

"நீங்க கண்டீகளா?"

"பிள்ளையக் காணோம்னதும் இவன் மூஞ்சி போன போக்கக் கண்டேன். அது போதாதா?"

அந்த அம்மாவுக்கு அது போதவில்லை. போனில் பிள்ளை படம் இருக்கிறது, காட்டுகிறேன் என்று எடுத்தேன். அவசரத்தில் தப்புத் தப்பாக எண்ணை அழுத்தியதில் பூட்டே திறக்கவில்லை. இத்தனை பேச்சில் என் மகள் விழித்துக்கொண்டாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்டக்டரைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். பார்த்ததும் உதடு பிதுங்கியது. ஓவென்று அழுதபடியே இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

அந்த அம்மா எழுந்து நின்று பிள்ளையை என் நெஞ்சில் வைத்துவிட்டு, "கோவிச்சுக்கிறாதீகண்ணே" என்றார். நான் கும்பிட நினைத்தேன். கை இரண்டும் பிள்ளையைப் பிடித்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

பஸ் கிளம்பியது. மாட்டுத்தாவணி தாண்டியும் அவள் நிறுத்தவில்லை. என் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காதுக்குள்ளேயே அழுதாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

"அழுடி தங்கம், நல்லா அழு."