முதல் பக்கத்துத் தேன்

அந்த வருடம் எங்கள் வீட்டில் எதைப் பேசினாலும் பேச்சு தேனில் போய்த்தான் நின்றது. வாலிபத்தில் பாதியை வளைகுடாவில் கழித்துவிட்டு வந்த என் கணவர், குலசேகரம் பக்கத்தில் எங்களுக்கு இருந்த ரப்பர் மரங்களுக்கு நடுவே தேன்பெட்டிகள் வைத்திருந்தார். ரப்பர் தளிர்க்கும் காலத்தில் தேன் நன்றாகவே வந்தது. விற்றால் அவர் இங்கேயே இருப்பார். விற்காவிட்டால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பழைய கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். அவர் இல்லாத வருடங்களை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை என்னால் முடியாது.

அதனால் இணையக் கடை ஒன்றில் எங்கள் தேனைப் பதிவு செய்தேன். அடுக்களை வாசலில் நான் புட்டியை வெயிலுக்குத் தூக்கிப் பிடிக்க, அவர் படம் எடுத்தார். பிறகு, வாங்க வந்தவள் மாதிரி நானே ஆங்கிலத்தில் ‘தேன்’ என்று அடித்துத் தேடினேன். தேன் நிறத்தில் முடிச்சாயம் வந்தது. தேன் நிறச் சேலை, தேன் சோப்பு, புட்டியைக் கட்டிப்பிடித்திருக்கும் கரடிப் பொம்மை, காசு கொடுத்து முன்னால் நிற்கிற பெரிய கம்பெனிகள். சரி, ‘கன்னியாகுமரித் தேன்’ என்று விளக்கமாகவே கேட்டேன். சங்கு மாலையைக் காட்டியது! கேட்டதை ஒளித்து வைத்துக் கேட்காததை எடுத்து நீட்டுகிற வியாபாரி எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு நாள் தாங்குவானா? எங்கள் புட்டி எத்தனையோ பக்கம் தள்ளிக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு வடிக்கும்போதும் போன், துணி காயப்போடும்போதும் போன். குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிக்கொண்டே தேடினேன்.

எங்கள் சபையில் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் வீட்டு ஜெபம் நடக்கும். அந்த வீட்டாரின் விண்ணப்பம் என்ன என்று போதகர் முதலில் கேட்பார். பிள்ளைக்கு வேலை, மூட்டுவலி, தள்ளிப் போகிற கல்யாணம் என்று சொல்வார்கள். எங்கள் முறை வந்தபோது என் கணவர் எழுந்து நின்றார்.

“தேன் முதல் பக்கத்துல வரணும்.”

யாரும் சிரிக்கவில்லை. போதகர் உருக்கமாகவே ஜெபித்தார். ஜெபம் முடிந்து, பால் விடாத கட்டங்காப்பி குடிக்கும்போது என் அத்தைதான் ஆரம்பித்தார்: “ஜெபம் மட்டும் போருமா மக்கா? எல்லாரும் போன்ல அந்தக் கடையத் தெறந்து நம்ம தேன அமுக்குங்க.”

அன்றிலிருந்து சபையே அமுக்கியது. காலையில் வேதம் வாசித்த கையோடு அமுக்கினார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளையும் அமுக்கச் சொன்னார்கள். “ஒண்ணு வாங்கவும் செய்யலாமே அத்தை” என்றேன்.

“வேணுமுண்ணா வீட்டுக்கு வந்து வாங்கமாட்டமா ஏட்டி? பக்கத்துல இருக்குத தேனுக்குப் பார்சல் எதுக்கு?”

சீக்கிரமே எங்கள் புட்டி எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. என் போனில், அவர் போனில், அத்தை போனில், சபைக் கோயிலுக்கு வருகிற எல்லார் போனிலும். ஞாயிற்றுக்கிழமை நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தோம். ‘தேன் முதல் பக்கத்தில் வந்ததற்காக’ என்று போதகர் வாசித்தார். கம்பெனிக்கு இனி வரவில்லை என்று சொல்லிவிடட்டுமா என்று என் கணவர் என்னிடம் கேட்டார். அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் ஒருவரும் வாங்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கையிடம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடச் சொன்னேன். அவளுக்கு இந்த அமுக்குகிற கதை எதுவும் தெரியாது.

“அக்கா, இங்க வரல்ல.”

“நல்லாப் பாரு மக்கா. முதல்லதான் நிக்கும்.”

“முதல்ல முடிச்சாயம்லா நிக்குது.”

நடந்ததைச் சொன்னேன். “நீங்க தினமும் அதையே அமுக்குனா, ஒங்களுக்கு அதுதான் வேணும்னு ஒங்க போன்ல முன்னால காட்டும் அக்கா. மத்தவங்களுக்கு அப்பிடி வராது.”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தேன்பெட்டி துடைத்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் குனிந்து துடைத்தார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கடை மேலா, அத்தை மேலா, காணிக்கையை வாங்கிக்கொண்ட கர்த்தர் மேலா?

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே அவர் விமானம் ஏறினார். தேனைச் சபையாரே வீட்டுக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித் தீர்த்தார்கள்.

ஒரு நாள் அவர் அங்கிருந்து பேசும்போது, “ஏட்டி, இங்கயும் நம்ம தேன்தான் முதல்ல வருது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “அது ஏன் வருதுன்னுதான் தெரிஞ்சாச்சுல்லா? இப்பவுமா அமுக்குதிய?”

“தினமும் அமுக்குவேன்” என்றார். “அந்தப் படத்துல ஒனக்க கை இருக்குல்லா.”