பக்கத்து வீட்டுப் பத்திரம்

இருபத்திரண்டு வருடம் நாங்கள் வாடகை கொடுத்து வந்த வீட்டை விற்கப் போவதாக வீட்டுக்காரரின் மகன் வந்து சொன்னான். முதலில் உங்களுக்குத்தான், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு விலை சொல்லுங்கள் என்றான். நீ எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டேன்.

“நீவே ஹேளி, ஆன்ட்டி” என்று சிரித்தான். கன்னடத்தில் நீங்களே சொல்லுங்கள் என்று அர்த்தம். கேட்பதற்கு மரியாதையாக இருக்கும். குறைத்துச் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விடுவான். கூட்டிச் சொன்னால் அந்த நிமிடமே சரி என்பான், பிறகு ஆயுள் முழுக்க நாங்கள் கடன் கட்ட வேண்டியதுதான். அவன் போன பிறகு, இத்தனை வருடம் புழங்கிய எங்கள் கூடம் திடீரென்று சின்னதாகிவிட்டது.

என் கணவருக்கு நஞ்சன்கூடு ஃபேக்டரியில் ஓய்வுபெற இரண்டு வருடம்தான் பாக்கி. “நீதான் படிச்சவளாச்சே, விசாரி” என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். அதில் கிண்டல் கொஞ்சம் இருந்தாலும் உண்மையும் உண்டு. அக்ரஹாரத்தில் எங்கள் தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் கன்னடத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பவள் நான் ஒருத்திதான். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கரன்ட் பில் தகராறு எல்லாம் என்னிடம்தான் வரும். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

தெருவில் சமீபத்தில் விற்ற வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று கேட்க ஆரம்பித்தேன். கேட்டது தப்பு. சொந்த வீடு உள்ள ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கும் சேர்த்து விலை ஏற்றிச் சொன்னார். மூலைக்கடைக்காரர் சொன்ன தொகைக்கு அரண்மனையையே விலை பேசலாம். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் இருப்பதைப் பார்ப்போம் என்று மூன்று வீடுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்தேன். எந்த வருடம் யார் யாருக்கு என்ன தொகைக்கு விற்றார்கள் என்பது அதில் வந்துவிடும். தொகைகளைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. எங்களால் முடிகிற விலைதான்.

தேவராஜ மொஹல்லாவில் பத்திரம் எழுதுகிற தமிழர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

“இது சர்க்காருக்குக் காட்டற ரேட்டும்மா. இதுக்குக் கம்மியாப் பதிய முடியாதுன்னு அவங்க ஒரு ரேட் வெச்சிருக்காங்க, எல்லாரும் அதையே எழுதுவாங்க. இதே அளவு கையில தனியாக் குடுப்பாங்க. ஊருக்கே தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. அந்த மூன்று வீடுகளில் ஒன்று எங்கள் பக்கத்து வீடு. நான்கு வருடத்துக்கு முன் அதை விற்றவள் என் சிநேகிதி. கொள்ளேகால் பக்கத்துக்காரி. மேஸ்திரியாக இருந்த அவள் புருஷன் தன் கையாலேயே கட்டிய வீடு அது. அவர் காலமான பிறகு, என்ன விலை சொல்லட்டும் என்று என்னிடம்தான் வந்து கேட்டாள். நான் சர்க்கார் ரேட் பட்டியலை எடுத்து, விரலை வைத்துப் படித்துக் காட்டினேன்.

மேலே கையில் ஏதாவது வாங்கியிருப்பாள், வாங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நஞ்சன்கூடு பஸ் ஏறினேன். அவள் மகள் வீட்டில், கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால் கட்டில் போட்டு இருந்தாள். நாங்கள் வீடு வாங்கப் பார்க்கிறோம் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

“பத்திரத்துல எழுதினதுக்கு மேல எவ்வளவு குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“மேலயா? அதெல்லாம் எதுவும் இல்லீங்க்கா. நீங்க படிச்சுச் சொன்ன ரேட்டுதானுங்களே. அதையே சொன்னேன், வாங்க வந்தவரு பேரமே பேசலீங்க. அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டாரு.”

பேரமே பேசவில்லை என்பதை அவள் பெருமையாகச் சொன்னாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. மகள் கொண்டுவந்த காப்பியைக் குடிக்காமல் கிளம்பவும் முடியாது. எங்கள் வீட்டு விலையை நினைத்துத்தான் என் முகம் வாடியிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து, விற்ற பத்திரத்தின் ஜெராக்ஸை எடுத்து என் பையில் வைத்தாள்.

“இதக் காட்டுங்க்கா. பக்கத்து வீடே இந்த ரேட்டுக்குத்தான் போச்சுன்னா அவங்களால மேல கேக்க முடியுங்களா?”

வீடு வேண்டுமென்றால் இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. தெருவிலேயே பத்திரத் தொகையும் கையில் வாங்கிய தொகையும் ஒன்றாக இருந்த ஒரே விற்பனை அதுதான், அதுவும் என்னால். காட்டினால் அவள் நஷ்டத்தில் நான் வீடு வாங்குகிறேன். காட்டாவிட்டால் வீடு இல்லை. சனிக்கிழமை முழுக்க இதையே அரைத்து, கடைசியில் காட்டிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவரோடு அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து நான் பையைத் திறந்தபோது, வீட்டுக்காரர் மகன் கன்னடத்தில் சிரித்தபடியே சொன்னான்: பக்கத்து வீட்டு விலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஆன்ட்டி. பாவம், அந்த அம்மாவுக்கு யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று தெருவுக்கே தெரியும்.

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

“யார் சொல்லிக் கொடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று என் கணவரைக் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார்.

“தெரியாது” என்று நான் சொன்னேன்.

பையை மூடிவிட்டு, பிஎஃப் பணத்தையும் என் நகைகளையும் மனத்துக்குள் சேர்த்து ஒரு தொகை சொன்னேன். அவன் கோபிக்கக்கூட இல்லை. வேறொருவர் அதைவிட நிறையத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், காலி செய்ய மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

போன வாரம் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தபோது சிநேகிதி போன் செய்தாள்.

“அந்தப் பத்திரம் பிரயோஜனமாச்சுங்களா அக்கா?”

“ஆச்சு” என்றேன்.

“அப்பாடா. எனக்கு இல்லீன்னாலும் உங்களுக்காவது ஆச்சே. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வார்த்த சொல்லுங்க்கா, மொத ஆளா வந்துடறேன்.”

சொல்கிறேன் என்றேன்.