சுயேச்சை இயக்குநரைத் தேடி போடிமெட்டுக்கு ஒரு ஜீப் பயணம்

இது இப்படித்தான் முடியும் என்று கிளம்பும்போதே சொன்னேன். எட்டாவதோடு நிறுத்தியவன் பேச்சை யார் கேட்கிறார்கள்? என் தங்கை மகன் செல்வம், விருப்ப ஓய்வில் வந்த பணம் முழுவதையும் பங்குச் சந்தையில் இருக்கும் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் திங்கட்கிழமை போடுவதாக இருந்தான். "புரோக்கருக நிர்வாகத்துக்கு நல்ல மார்க்கு குடுத்திருக்காக மாமா" என்றான். மார்க்கை நான் போடுகிறேன் என்று சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

அவர்கள் ஆண்டறிக்கையில் ஒரு வரி. சுயேச்சை இயக்குநர், அதாவது முதலாளிக்கு உறவோ கூட்டோ இல்லாமல் அவரைத் தட்டிக் கேட்க வேண்டியவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடிமெட்டில் இருக்கும் தோட்டத்துக்கு நேரில் வருகிறாராம். வருகிறாரா, இல்லையா? நிர்வாகத்தை அளக்க இந்த ஒரு கேள்வி போதும்.

தேனியிலிருந்து போடிக்கு பஸ்சில் அரை மணி நேரம். அங்கே அந்தத் தோட்டத்து ஆட்களை ஏற்றும் ஜீப்பில் நூறு ரூபாய். என் தோரணையைப் பார்த்து யாரோ அதிகாரி என்று முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்தார்கள். போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டேன்.

டிரைவர் முருகேசனிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"பெரிய ஆளுக வந்தா எங்களுக்குத் தெரியாமப் போகாதுண்ணே. தோட்டத்து கேட்டுக்கு மேல காரு ஏறாது. ஆளுகள எறக்கிவிட்டு, வண்டியக் கழுவி, சீட்டுல துண்டு விரிச்சு அவுகளத்தான் ஏத்தணும்."

"இந்த இயக்குநருக்குத் துண்டு விரிச்சிருக்கியா?"

"மொதலாளிக்கு விரிச்சிருக்கேன். மொதலாளி நாய்க்கும் விரிச்சிருக்கேன். இவரு யாருண்ணே?"

"வாயடிக்காம வளைவப் பாத்து ஓட்டு அப்பு!" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா அதட்டினார்.

செல்போனில் அந்த இயக்குநரின் படத்தைக் காட்டினேன். முருகேசன் சிரித்துவிட்டான். "அட, இவுக மொதலாளியோட மச்சான்ல!"

மேலே ஏறியதும் செல்வத்துக்குப் போன் போட்டேன். மச்சான் விஷயத்தைச் சொன்னேன். "பணம் போடல மாமா" என்றான்.

போகிறவர்கள் விடியுமுன்பே போடியில் இருங்கள், வெயில் ஏறினால் ஆள் ஏற்றும் ஜீப் கிடைக்காது. ஸ்வெட்டர் அவசியம். பங்கு வாங்கும் எண்ணம் இருந்தால் டிரைவர் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மச்சான் என்பது நான் சேர்த்தது. படத்தைப் பார்த்து முருகேசன், "இந்த மொகத்தப் பாத்ததே இல்லண்ணே" என்றுதான் சொன்னான். எனக்கு அதுவே போதும். செல்வத்துக்குப் போதாது. 'ஏதாவது சோலியா இருந்திருப்பாரு மாமா' என்றிருப்பான். மச்சான் நிர்வாகம் என்றால் அவனுக்கு உடனே விளங்கும். அவன் அப்பாவின் மளிகைக் கடையை மூன்று வருடம் நிர்வாகம் செய்த மச்சான் நான்தானே.