ராஜப்பா தெலுங்கில் என்ன சொன்னான்?

போன சனிக்கிழமை கம்பெனி கேன்டீனில் ஒரு சிடியை என் கையாலேயே கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை வரை சோறு இறங்காமல் தவித்தேன். யாரிடம் கொடுத்தேன் தெரியுமா? எங்கள் லைன் இன்சார்ஜ் வெங்கடேசப்பாவிடம்!

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கும் ராஜப்பாவுக்கும் கம்ப்யூட்டர் கேம். ராஜப்பா எங்கள் லைனில் ட்ரெய்னி. பாகலூர்க்காரன், வீட்டில் தெலுங்கு. நானோ பிழைப்புக்காக விருதுநகர் பக்கத்திலிருந்து ஓசூர் வந்தவன். அவன் தன் கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி ஷேர் ஆட்டோவில் என் ரூமுக்குக் கொண்டுவருவான். அதையும் என்னுடையதையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் இருவரும் ஒரே கட்சி, எதிரே நூறு பேய்கள். ஒருவன் அடிபட்டு விழுந்தால் மற்றவன் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

ஆடுவதை அப்படியே ரெக்கார்ட் செய்வோம். எங்கள் பேச்சும் மைக்கில் பதிவாகும். பிறகு நான் உட்கார்ந்து எடிட் செய்து, சிடியில் ஏற்றி, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பேன். மூன்று மணி நேரத்தை இருபது நிமிடமாக்குவது என்ன லேசான வேலையா?

எடிட்டிங்கில் நான் ரொம்ப உஷார். கம்பெனியைத் திட்டியது, இன்சார்ஜைக் கிண்டலடித்தது... எல்லாவற்றையும் தேடித் தேடி வெட்டிவிடுவேன். ராஜப்பா தனக்குத்தானே தெலுங்கில் முணுமுணுப்பதை மட்டும் விட்டுவிடுவேன். புரியாததை எங்கே பிடித்து வெட்டுவது?

"ரெண்டு பேரும் கேம் ஆடி படம் புடிக்கிறீங்களாமே? குடுப்பா, பாக்கறன்" என்று வெங்கடேசப்பா கேட்டதும் பெருமையாக நீட்டினேன். வாங்கிப் பையில் போட்டார். அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது.

எடுத்தார். பேசினார். தெலுங்கில்!

லைனில் தமிழைத் தவிர வேறு மொழி பேசி நான் கேட்டதில்லையே இந்த மனிதர்! ஓசூரில் தெலுங்கு தெரியாதவன் நான் ஒருத்தன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் ராஜப்பாவின் ட்ரெய்னிங் முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்கு அனுப்புவதா என்று ரிப்போர்ட் எழுதப்போவது இதே வெங்கடேசப்பா. சிடியைத் திருப்பிக் கேட்கலாமா? கேட்டால் சந்தேகம் வரும். கேட்காவிட்டால்... பார்த்துவிடுவாரே!

ஞாயிற்றுக்கிழமை ராஜப்பா வந்ததும் மெதுவாக விசாரித்தேன்.

"கேம் ஆடுறப்ப தெலுங்குல என்னப்பா பேசுவ?"

"வாய்க்கு வந்தத பேசறன். ஏன்ணா?"

"நம்ம இன்சார்ஜப் பத்தி ஏதாவது...?"

"அவரப் பத்தி பேசாத நாளு ஏதுண்ணா!" என்று சிரித்தான் பாவி.

அவனிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவன் போனதும் என்னிடமிருந்த காப்பியைப் போட்டு, மறுபடி மறுபடி கேட்டேன். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது மட்டும் நன்றாகத் தெரிந்தது. வசவுக்கு டிக்‌ஷனரி வேண்டுமா என்ன? ஒருவன் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வெங்கடேசப்பா கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் சிடி இருந்தது.

"சார், அவன் சின்னப் பையன். தெரியாம ஏதோ..." என்று ஆரம்பித்தேன்.

"இரு இரு. படத்துல நீ ஒரு தடவகூட கீழ விழல. அப்புறம் எதுக்கு அவன் 'மறுபடியும் வுழுந்துட்டான், மறுபடியும் நாந்தான் போயி தூக்கணும்'னு தெலுங்குல பொலம்பிக்கிட்டே இருக்கறான்?"

எனக்குத் தலை தானாகக் குனிந்தது. ஆமாம் வாசகர்களே, இவ்வளவு நேரம் உங்களிடமும் மறைத்துவிட்டேன். நான் விழுந்த இடத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் வெட்டியிருந்தேன். படத்தில் நான் மாவீரன். முன்னும் பின்னும் அவன் புலம்பியது மட்டும் தப்பித்திருக்கிறது.

"அப்ப... உங்களப் பத்தி ஒண்ணுமில்லையா சார்?"

"என்னப் பத்தி எதுக்கு? மொத்தமும் உன்னப் பத்திதான்!" வயிறு குலுங்கச் சிரித்தார். "பொலம்பிக்கிட்டே வேலய முடிக்கறான் பாரு, அவன்தாம்பா லைனுக்கு வேணும். ரிப்போர்ட்ல நல்லபடியாத்தான் எழுதியிருக்கறன், போ."

சாயங்காலம் ரூமுக்கு வந்து, வெட்டாத ஒரிஜினலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பத்தொன்பது முறை விழுந்திருக்கிறேன். பத்தொன்பது முறையும், தன் உயிர் போனாலும் போகட்டும் என்று பேய்களுக்கு நடுவில் ஓடிவந்து தூக்கியிருக்கிறான் ராஜப்பா. எனக்குப் புரிகிற மொழியில் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

நான் விழுந்ததைத்தான் வெட்டினேன் என்று நினைத்திருந்தேன். நான் வெட்டியது அவன் தூக்கியதை!