பிரக்கிராசியார் வீட்டுக் கடல்

1. நீதவான் சாப்பிடவில்லை

“ஓவசியர் ஐயா! நீதவான் நேற்றிலையிருந்து சாப்பிடேல்லை! சார்ஜன்மார் ரெண்டுபேரும் செத்துப்போச்சினம்! அம்மா உங்களைக் கெதியா வரட்டாம்!”

உப்பள வரம்பில் நின்று சூசை இப்படிக் கத்தியதும், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகைகளைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். கோட்டில், அதுதான் நீதிமன்றத்தில், ஏதோ கலகம் நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு விஷயம் விளங்கியது. நீதவான் என்பது ஒரு பேத்தை மீன். சார்ஜன்மார் என்பவை உடம்பில் கோடு போட்ட இரண்டு கீளிக் குஞ்சுகள். கொழும்புத்துறையில், வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியார் வீட்டு விறாந்தையில், கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருந்தவை. அதே பெட்டியில் கோட்டு முதலியார் என்று ஓர் ஓரா மீனும் இருந்தது. அது முந்தின கிழமையே போய்விட்டது.

உப்பு இலாகாவில் புதிதாகச் சேர்ந்த தம்பிமார் என்னிடம், “அனுபவத்தை எழுதுங்கோ” என்கிறார்கள். உத்தியோக காலம் முழுவதும் நான் உப்போடு கிடந்தவன். கட்டியை நாக்கில் வைத்தே எந்தப் பாத்தி உப்பு என்று சொல்வேன் என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவன். ஆனால் உப்பைப் பற்றி உருப்படியாக ஒன்றைக் கற்றது அந்த விறாந்தையில்தான். அதுவும் வெட்கப்பட்டுக் கற்றது.

2. சூரியன் எந்தப் பக்கம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தப் பிரக்கிராசியார் குறுக்குக் கேள்வி கேட்க எழுந்தால் சாட்சிக்காரனுக்கு நா வறண்டுவிடும். என்னையும் ஒருமுறை உரித்திருக்கிறார். கள்ளமாக உப்பு வாரியதாக நான் பிடித்துக் கொடுத்த வழக்கு. எதிரி, குருநகரில் மீன்பிடிக்கும் இந்தச் சூசைதான்.

“ஓவசியர், நீர் ஆளைக் கண்ட நேரம் சூரியன் எந்தப் பக்கம்?”

“எனக்கு முன்னாலை, ஐயா.”

“கண்ணுக்கு நேரை வெய்யில். நிலமெல்லாம் வெள்ளை வெளேரெண்டு உப்பு. அதுக்குள்ளை இந்த மனுசன்ரை மூஞ்சையை எப்பிடிக் கண்டனீர்?”

கோடே சிரித்தது. “போதும், சாட்சி இறங்கலாம்” என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பியும் பாராமல் கடதாசியைப் புரட்டினார். சூசைக்கு விடுதலை. எனக்கு ஒரு மாதம் சந்தைக்குப் போக முகம் இல்லை. மனிதரில் அவ்வளவு கோபம்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போய்விட்டது. நாலு மாதம் ஒரு சொல் இல்லை, சுவரைப் பார்த்தபடியே கிடந்தாராம். ஒருநாள் சூசை, தன் வலையில் பட்ட பேத்தை ஒன்றை மண்சட்டியில் உயிரோடு கொண்டுபோய் வேடிக்கை காட்டியிருக்கிறான். பேத்தையை யாரும் தின்னமாட்டார்கள், நஞ்சு மீன். சூசை விரலால் சீண்டியதும் அது கன்னத்தையும் வயிற்றையும் ஊதிப் பந்துபோல் ஆகி, உருட்டி விழித்துப் பார்த்திருக்கிறது. கட்டிலில் கிடந்தவர் வாய் கோணச் சிரித்து, நாலு மாதத்துக்குப் பிறகு முதல் சொல்லைச் சொன்னார்.

“நீதவான்.”

அம்மா, அதாவது அவர் மனைவி, அன்றைக்கே தச்சனை அழைத்தார். சட்டப் புத்தகங்கள் இருந்த அலுமாரியின் கண்ணாடிகளைக் கழற்றுவித்து, மரச்சட்டம் போட்டு, தண்ணீர் கசியாமல் புட்டி பூசி, ஒரு பெட்டி செய்வித்தார். சட்டப் புத்தகங்கள் நிலத்துக்கு வந்தன, நீதவான் அலுமாரிக் கண்ணாடிக்குள் ஏறினார். சூசை இன்னும் மூன்று மீன் கொண்டுவந்தான். பிரக்கிராசியார் ஐயா ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டு உத்தியோகம் கொடுத்தார். நாளுக்கு ஒரு சொல், இரண்டு சொல் என்று பேச்சும் வரத் தொடங்கியது.

அந்த நாளில்தான் அம்மா எனக்கு ஆள் அனுப்பினார். “உப்புத் தண்ணியோடை சீவிக்கிறவர் எண்டு சூசை சொன்னவன்” என்றார். நான் மறியல் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தவனே என்னைச் சிபாரிசு செய்திருக்கிறான்! பழைய கோபத்தை உப்பள வரம்பிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

“தம்பி, இந்தச் சோளகக் காத்துக்குக் கிழமைக்கு ரெண்டு விரல் தண்ணி குறையுது. மீனுக்கு மூச்செடுக்கட்டும் எண்டு அகப்பையாலை அள்ளி அள்ளி வேறை ஊத்திறன். குறையிறதுக்கு என்ன செய்யிறது?”

“இதுவும் ஒரு கேள்வியோ அம்மா? குறையக் குறையக் கடல் தண்ணியை விடுங்கோ. கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே!”

கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பெரிய மனிதன் போல் சைக்கிளில் ஏறினேன். சாய்மனைக் கதிரையில் இருந்த ஐயா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். சூசை மூன்று மாதம் தவறாமல் தகரத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினான்.

3. சாட்சி இறங்கலாம்

இனி, சூசை வரம்பில் நின்று கத்திய நாளுக்கு வருகிறேன். நான் ஓடிப்போனபோது அம்மா வாசல் படலையிலேயே நின்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“விடிய எழும்பிப் பெட்டியைப் பார்த்தவர். பேந்து ஒரு கதையும் இல்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப்போட்டார். தம்பி, அந்த ஒரு மீனும் போச்சுதெண்டால் இவர் இனிக் கதைக்கமாட்டார். எனக்குத் தெரியும்.” சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

நீதவான் மூலையில், வயிறு மணலில் பட, கிடந்தது. செட்டைகூடச் சரியாக அசையவில்லை. நான் பையிலிருந்து ஹைட்ரோமீற்றரை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். தண்ணீரில் உப்பு ஏற ஏற உயர மிதக்கும் கண்ணாடிக் குழல் அது. எங்கள் உப்பளத்து ஹைட்ரோமீற்றர் கடல் தண்ணீரில் மூன்றரை காட்டும். இங்கே ஐந்தரை காட்டியது. துடைத்துவிட்டுத் திரும்பவும் விட்டேன். ஐந்தரைதான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சூசையைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கையடா தண்ணி அள்ளினனீ? உப்பளத்து வாய்க்காலிலையோ? பழைய புத்தி போகேல்லையோ?”

“அந்தோனியார் ஆணை, ஐயா! வள்ளத்திலை தூரப் போய், தெளிஞ்ச கடல்லை அள்ளினனான்.”

“பொய் சொல்லாதை! கடல் தண்ணி இப்பிடிக் காட்டுமோ?”

அப்போது சாய்மனைக் கதிரை கிரீச்சிட்டது. ஐயா சுவர்ப்பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் திரும்பியிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“ஓவசியர்… கிழமைக்கு… எவ்வளவு… குறையுது?”

“இரண்டு விரல், ஐயா.”

“எங்கை… போகுது?”

“காத்துக்கும் வெக்கைக்கும் ஆவியாப் போகுது.”

“உப்பு?”

தண்ணீரில் நின்ற குழலைப் பார்த்தேன்.

“உப்பு போகாது, ஐயா. உப்பு… அங்கைதான் கிடக்கும்.”

“நிரப்பினது… என்ன?”

“கடல் தண்ணி.”

“அதிலை?”

“அதிலையும் உப்பு, ஐயா.”

“நிரப்பச்… சொன்னது… ஆர்?”

வாசலில் சூசை தகரத்தோடு நின்றான். நான் சற்று முன் கள்ளன் என்று ஏசிய மனிதன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நான்தான், ஐயா.”

இடது கையால் கதிரையின் பிடியில் ஒரு தட்டு. “சாட்சி… இறங்கலாம்.”

பாத்தியில் தண்ணீர் இறங்கினால் மதகைத் திறந்து கடலை உள்ளே விடு என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். தண்ணீரைக் காற்றுக் குடிக்க, உப்பு மட்டும் தங்கித் தங்கி ஏறும். அப்படித்தான் உப்பு விளைகிறது. அதையே அந்த வீட்டிலும் செய்வித்திருக்கிறேன். மூன்று மாதமாக ஐயாவின் விறாந்தையில் நான் உப்பு விளைவித்திருக்கிறேன், உள்ளே மீன் இருப்பதையும் மறந்து. தொழில் தெரியாதவன் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டான். தெரியாது என்று யாரையாவது கேட்டிருப்பான்.

சூசையிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கென்ன ஐயா, இந்தமுறை வெய்யில் உங்கடை முதுகுப் பக்கம்தானே, அப்பிடியும் பிழையான ஆளைத்தான் பிடிச்சனியள்” என்றான். பாவி, அந்த நேரத்திலும் நக்கல்.

4. தவணை

இனி விடவேண்டியது உப்பில்லாத தண்ணீர். நான் வாளியோடு கிணற்றடிக்கு ஓடினேன். அம்மா மறித்தார். “தம்பி, எங்கடை கிணறு உவர். குளிக்கத்தான் உதவும்.”

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அப்படித்தான். குடிக்கிற நல்ல தண்ணீர் நல்லூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் வரும், வீட்டுக்கு ஒரு குடம். அந்தக் குடத்தில் அரிசி கழுவக்கூட விடமாட்டார்கள். அம்மா குசினிக்குள் போய் அந்தக் குடத்தையே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

சூசை திகைத்துப்போனான். “நல்ல தண்ணியை மீனுக்கோ அம்மா?”

“ஓம், மீனுக்குத்தான். இந்த வீட்டிலை இப்ப ஆருக்கு விடாய் எண்டு எனக்குத் தெரியும்.”

நான் குடத்தை வாங்கி அப்படியே கவிழ்க்கப் போனேன். பிழை விட்டவனுக்கு அதை ஒரே நாளில் அழித்துவிட வேணும் என்ற அந்தரம். சூசை என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பொறுங்கோ, பொறுங்கோ! மாரியிலை முதல் வெள்ளம் கடல்லை பாஞ்சால் கரை முழுக்க மீன் செத்து மிதக்கும், கண்டதில்லையோ? சடாரெண்டு மாத்தினால் தாங்காது. எப்பன் எப்பனா விடவேணும்.”

ஐயா தலையாட்டினார். “தவணை” என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த வழக்கையும் தவணைக்கு மேல் தவணை கேட்டு இழுக்கிறவர் என்று அவருக்கு ஊரில் பெயர். கட்சிக்காரர் திட்டாத திட்டில்லை.

அப்படியே செய்தோம். காலையில் ஒரு செம்பு உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு செம்பு நல்ல தண்ணீர். பின்னேரமும் அப்படியே ஒரு செம்பு. நான் தினமும் வேலை முடிந்து சைக்கிளில் போய் அளப்பேன். ஐயா, “எவ்வளவு?” என்பார். நான் சொன்னதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். “ஐஞ்சேகால்.” மறுநாள், “ஐஞ்சு.”

மூன்றாம் நாள் நீதவான் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் அசைவது கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. அன்று ஐயா, “எவ்வளவு?” என்று கேட்கவில்லை. அம்மா அவருக்குக் கஞ்சி பருக்கப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. நான் வெளியே வந்தேன். வீடு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன், உழக்க மனம் வரவில்லை. நானும் உப்புப் போடாமல்தான் அன்று சாப்பிட்டேன், விசர்த்தனமாக.

நாலாம் நாள் மீன் நிமிர்ந்திருந்தது. ஆறாம் நாள் மூலையை விட்டு வெளியே வந்தது. ஒன்பதாம் நாள் குழல் சரியாக மூன்றரையில் நின்றது.

அம்மா இறால் துண்டொன்றை ஈர்க்கில் குத்தி உள்ளே நீட்டினார். நீதவான் வந்தது, பார்த்தது, திரும்பிப் போனது. பிறகு ஒரே பாய்ச்சல். இறாலைக் கவ்விக்கொண்டுபோய் விழுங்கிற்று. சூசை சந்தோஷத்தில் கண்ணாடியைத் தட்ட, அதற்குக் கோபம் வந்து பந்தாக ஊதி, எங்கள் எல்லோரையும் உருட்டி விழித்துப் பார்த்தது.

ஐயா சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு விரலை என் பக்கம் நீட்டினார்.

“ஓவசியர்… நீர்… ஞாயிற்றுக்கிழமை தோறும்… இஞ்சை வந்து… தண்ணி அளக்கவேணும். அது… உமக்குத் தண்டனை.”

நோயில் விழுந்த பிறகு அவர் ஒரு தரத்தில் அவ்வளவு கதைத்தது அன்றுதான். அம்மா அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“எவ்வளவு காலத்துக்கு, ஐயா?”

“ஆயுள்.”

5. தண்டனைக் காலம்

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் போனேன். குறைந்த தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான். குழல் மூன்றரைக்குக் கீழே இறங்கினால் மட்டும் கடல் தண்ணீர். ஐயா கோட்டுக் கதைகள் சொல்வார். சொல் தட்டுப்படும்போது பொறுத்திருப்போம். என்னைக் கூண்டில் உரித்த கதையையும் சொன்னார். “அண்டைக்கு… உம்மைப் பார்க்க… பாவமாத்தான் இருந்தது” என்றார். எனக்கு அது போதும்.

புத்தளத்துக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதினேன். காரணம் கேட்டார்கள். குடும்பக் காரணம் என்று போட்டேன்.

பதவியில் ஏறும் தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எது குறைந்தாலும் உடனே நிரப்ப ஓடாதீர்கள். போனது எது, தங்கியது எது என்று முதலில் கேளுங்கள். பத்துமுறை சரியாகச் செய்த வேலை என்றால் பதினோராவது முறை கட்டாயம் கேளுங்கள். பிழை பிடிபட்டால் பக்கத்தில் தகரத்தோடு நிற்கிறவனை ஏசாதீர்கள்.

ஐயா நாலு வருஷம் கழித்து, ஒரு மாரியில் போனார். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த ஞாயிறு, கை பழக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டேன். படலையடியில்தான் உறைத்தது. ஆயுள் தண்டனை என்றவர் இல்லை. இனி என்ன உரிமையில் உள்ளே போவது? சைக்கிளைத் திருப்பினேன்.

“தம்பி!”

அம்மா வெள்ளைச் சேலையோடு விறாந்தையில் நின்றார். கையில் நல்ல தண்ணீர்ச் செம்பு.

“எங்கை திரும்புறியள்? நீதவான் இன்னும் இருக்கிறார். உள்ளை வாங்கோ.”