ஐம்பத்து மூன்றாம் கட்டம்

அவருக்குக் கழுவுகிற வேலை. மாநகராட்சித் தண்ணீர் லாரியோடு போய், மெஷின் குழாயைப் பிடித்து, பாலத்தடி, சுரங்கப்பாதை, ஆற்றோரச் சுவர் என்று ஊர் அழுக்கையெல்லாம் அடித்து விரட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக அதே குழாய், அதே முதுகுவலி. மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஊரையே வெளுத்துக் கட்றோம்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவ மட்டும் இரண்டு பேருக்கும் கை வராது. தொட்டியில் அது பாட்டுக்கு மலையாகக் கிடக்கும்.

அந்த வருஷம் ஓவியர்கள் சிலர் சேர்ந்து ஆற்றோரச் சுவரைத் தொண்ணூறு கட்டங்களாகப் பிரித்தார்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் தங்கள் வீட்டு ஜன்னலை வரைய வேண்டும். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் சாயம். நாற்பது நாள் இருக்கும், பிறகு மாநகராட்சி கழுவிவிடும். சலவைப் பிரிவிலிருந்து முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது அவள்தான்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. தான் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்த சுவரை இவளே போய்க் கறையாக்குவதா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் சட்டை செய்யவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய் வரைந்துவிட்டு, நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருக்கத் திரும்பி வந்தாள். ஒரு எட்டு வந்து பார்க்கும்படி அவரைக் கூப்பிட்டாள். கால் வலிக்கிறது என்றார். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டாள்.

"எப்படியும் கழுவ நான்தானே வரப்போறேன். அப்பப் பாத்துக்கறேன்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அதற்கும் சிரித்தாள்.

வரைந்து முடித்த பன்னிரண்டாம் நாள், சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு மாடி மேலே அத்தனை டாக்டர்கள் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. வெளியூரில் இருக்கும் ஒரே மகள் ஓடி வந்து, பத்து நாள் கூட இருந்துவிட்டுப் போனாள்.

அவர் வேலைக்குத் திரும்பினார். ஆற்றோரச் சாலை வேண்டாம், சுற்றிப் போகலாம் என்று லாரி டிரைவரிடம் சொல்லிவிட்டார். உயிரோடு கூப்பிட்டபோது போகாதவன் இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

நாற்பதாம் நாள் உத்தரவு வந்தது. மேற்பார்வையாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே போகிறேன் என்றார் இவர். அவளுடைய கட்டம் எதுவென்று அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றுபோல் அடித்துத் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

பாலத்துப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பூந்தொட்டி வைத்த ஜன்னல், பூனை உட்கார்ந்த ஜன்னல், குழந்தை எட்டிப் பார்க்கும் ஜன்னல், எல்லாம் வண்ணக் குழம்பாகி ஆற்றில் இறங்கின. ஐம்பத்து மூன்றாம் கட்டத்துக்கு வந்ததும் அவர் கை விசையை விட்டுவிட்டது.

கோணல்மாணலாக ஒரு ஜன்னல். அதற்கு வெளியே கொடியில் தலைகீழாகக் காயும் நீல வேலை உடுப்பு. இரண்டு கைகளும் தரையைத் தொடப் போவதுபோல் தொங்கின. மூன்றாவது பொத்தான் மட்டும் சிவப்பு. நீலப் பொத்தான் கிடைக்காமல், போன மழைக்காலத்தில் அவள்தான் அதைத் தைத்தாள். அதே உடுப்பைத்தான் அவர் அப்போது போட்டிருந்தார். பக்கத்திலேயே அவளுடைய வெள்ளை வேலைக் கோட்டு. அதன் கை ஒன்று காற்றில் வந்து இவருடைய உடுப்பின் மேல் விழுந்திருந்தது.

டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். அவருக்கும் புரிந்தது.

"இத விட்டுடுங்கண்ணே. ஒண்ணே ஒண்ணு இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

மற்ற முப்பத்தேழையும் கழுவினார்கள். மேற்பார்வையாளரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

அதன் பிறகு தினமும் வேலை முடிந்ததும் அவர் அங்கே போனார். எதிரே இருந்த கல்பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். முதலில் எதுவும் பேசவில்லை. நாலாம் நாளிலிருந்து மெதுவாகப் பேசினார். டிரைவருக்குப் பேரன் பிறந்ததை, மெஷின் மறுபடி மக்கர் செய்வதை, பாத்திரத்தைத் தானே கழுவ ஆரம்பித்திருப்பதை.

பதினாறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விட்டபோது நீலமும் வெள்ளையும் கலந்து, பாதிச் சுவர் வழிந்து கிடந்தது. சிவப்புப் பொத்தான் நீண்ட கோடாக இறங்கியிருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், இந்தக் கறையை மட்டும் ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் வந்தவரிடம் அலுத்துக்கொண்டார். கறை என்ற அந்தச் சொல் பெஞ்சில் இருந்தவருக்குச் சுருக்கென்று தைத்தது. கொஞ்ச நாள் முன்பு அவரே வீட்டில் சொன்ன சொல்தான்.

மறுநாள் விடுமுறை. வீட்டிலிருந்து ஒரு வாளியும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு போனார். மெஷின் வேகத்தில் அடிக்க அவருக்கு மனசு வரவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, நனைத்து நனைத்து, கையாலேயே துடைத்தார். முடிக்கும்போது வெயில் ஏறியிருந்தது. வெறும் சுவர்.

அன்று சாயங்காலம் மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்பா, அதோட போட்டோ எங்கிட்ட இருக்கு. அம்மா அன்னைக்கே அனுப்பினாங்க. அப்பாகிட்ட காட்டிடாத, அவரு நேர்ல வந்து பாக்கட்டும்னு சொன்னாங்க. இப்ப அனுப்பட்டுமா?"

"வேண்டாம்மா" என்றார். "நேர்லயே பாத்தேன். பதினாறு நாள் பாத்தேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மகளும் போனை வைக்கவில்லை.

அடுத்த மாதம் அவர் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் டிப்போவுக்கு மாறிவிட்டார். இப்போது பஸ்களைக் கழுவுகிறார். ஆற்றோரச் சுவருக்கு வேறு ஆள் வருகிறார்.