கதிரையோடு திரிந்த மிஸ்

பிள்ளைகளே, புளியந்தீவில் வாவிக்கரையோரம் திறந்தவெளிக் கடைத்தொகுதிக்குக் கட்டிடப் படம் வரைந்த மிஸ்ஸின் பெயர் எனக்குத் தெரியாது. பெரிய தொப்பியும் சேறு படிந்த சப்பாத்துமாக வருவா. வெறும் நிலத்தில் சிவப்புக் கதிரையொன்றை இழுத்து இழுத்துப் போட்டு, போட்ட இடமெல்லாம் இருந்து பார்ப்பா.

படத்தில் என்னுடைய சர்பத் கடை றோட்டுக்கு முதுகு காட்டி நின்றது. யாவாரம் படுத்துவிடுமே என்று பயந்துபோனேன்.

"என்ன மிஸ், றோட்டால போறவன் என்ட கடைய எப்பிடிக் காணுவான்?"

"கண்டாலும், கச்சான் காத்துக்க நிண்டு குடிப்பானா அண்ணன்? இதில இருங்க."

இருந்தேன். றோட்டுப் பக்கமிருந்து கச்சான் காற்று முகத்தில் நெருப்பாக அடித்தது. கதிரையை வாவிப் பக்கம் திருப்பி, என் முதுகுக்குப் பின்னால் ஒரு தகரத்தை நிமிர்த்திப் பிடித்தா. சூடு நின்றது.

கடையை அந்தப் படத்தின்படியே கட்டினார்கள். இப்போது மத்தியானத்திலும் ஆட்கள் தேடிவந்து ஆறுதலாக இருந்து குடிக்கிறார்கள். மிஸ்தான் ஒரு தரமும் வரவில்லை. அவ விட்டுப்போன அந்தச் சிவப்புக் கதிரை, வந்தால் இருக்க அவவுக்குத்தான். அதில் ஏறி விளையாடாதீர்கள்.